வலை அறுந்தவனுக்கு வாதாடுவார் யார்?

திங்கள், புதன், சனி. நெடுந்தீவுக் கடற்றொழிலாளியின் வாரத்திலே இம்மூன்று நாட்களும் அவனுக்கு உரியன அல்ல. அந்நாட்களில்தான் எதிர்க்கரைத் துறைகளிலிருந்து இழுவைப்படகுகள் பாக்குநீரிணையைக் கடந்து அணியணியாக வருகின்றன. அந்த இரவுகளில் வலை விரித்தவன் விடியற்காலையில் அறுந்த கயிற்றையும் சிதறிய மிதப்புக்களையும் பொறுக்கிக்கொண்டு கரைக்கு வருகிறான். விரிக்க அஞ்சியவன் வெறுங்கையோடு வீட்டிலே இருக்கிறான். வலையோ கடனுக்கு வாங்கியது. வலை கடலோடு போனாலும் கடன் கரையிலே நிற்கிறது. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை எங்கணும் இதே கதைதான்.

இக்கதை நேற்று இன்று தோன்றியதன்று. போர்க்காலத்திலே நம் மக்கள் கடலில் இறங்கத் தடை இருந்தது. அந்தக் காலத்தில் பெருகிய படகுகள், 2009க்குப் பின் நம்மவர் திரும்பவும் கடலுக்குச் சென்றபோது விலகிக்கொள்ளவில்லை. இழுவைமடி கடலின் அடித்தரையையே வழித்துச் செல்வது. முட்டையும் குஞ்சும் பாசியும் பவளப்பாறையும் அதற்கு ஒன்றே. வயலை அறுவடை செய்வது வேறு, வயலின் மண்ணையே வாரிக்கொண்டு போவது வேறு என்பதை நம் கமக்காரருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இந்த நிலையில், தமிழ் மக்களின் தலைமை நாமே என்று எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கூறிவரும் இலங்கைத் தமிழரசுக் கட்சியின் தலைமை, உழைத்துண்ணும் இந்த மக்களுக்காகப் போதிய வலுவோடு போராடுகின்றதா? கேள்வி கசப்பானது. ஆயினும் கேட்கிறோம்.

கட்சியின் பிறப்பை முதலில் நினைவூட்டுவோம். 1948இல் குடியுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. மலைநாட்டிலே தேயிலைக்கும் இறப்பருக்கும் உழைத்த இலட்சக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் நாடற்றவராயினர். அந்த அநீதியை இழைத்த அரசாங்கத்திலேயே தமிழ்க் காங்கிரசின் தலைவர் திரு. ஜீ. ஜீ. பொன்னம்பலம் அமைச்சரானார். அதனைப் பொறாது திரு. எஸ். ஜே. வி. செல்வநாயகமும், திரு. கு. வன்னியசிங்கமும், டாக்டர் இ. மு. வி. நாகநாதனும் வெளியேறி 1949 டிசம்பர் 18ஆம் நாள் இக்கட்சியைத் தோற்றுவித்தனர். ஆகவே யாழ்ப்பாணத்து அப்புக்காத்துமார் தமக்கு எவ்வித ஆதாயமும் இல்லாத மலைநாட்டுக் கூலியாளனுக்காகப் பதவியை உதறி வந்ததே கட்சியின் முதல் பெருமை. கட்சி எந்தத் தூணின்மேல் நிற்கிறது என்பதைத் தலைமை மறக்கலாம். நாம் மறக்கவில்லை.

இடையிலே ஒன்று சொல்ல வேண்டும். அன்று திரு. பொன்னம்பலம் ஏற்ற இலாகா எது? கைத்தொழில், கைத்தொழில் ஆராய்ச்சி, மீன்பிடி! காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை அக்காலத்தில் எழுந்தது. அதை நாம் மறைக்கவில்லை. பின்னர் 2019 முதல் 2024 வரை கடற்றொழில் அமைச்சராக இருந்தவர் திரு. டக்ளஸ் தேவானந்தா. தீவகத்து வாக்குகளே அவருடைய கட்சிக்கு முதற்படியாயிருந்தன என்பது ஊரறிந்தது. 2024 நவம்பரில் அப்பதவிக்கு வந்தவரும் ஒரு தமிழரே, திரு. இராமலிங்கம் சந்திரசேகர். அமைச்சர் தமிழராக இருந்தால் மாத்திரம் தமிழ் மீனவனின் வலை அறுபடாமல் இருந்துவிடாது என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டுமோ? அரசாங்கப் பக்கம் சாய்ந்தோரின் இலட்சணம் இதுவாகையால், உரிமைப் பக்கம் நிற்பதாகக் கூறுவோரிடம் நாம் கூடுதலாக எதிர்பார்க்கிறோம்.

நியாயமாகப் பேசுவோம். தலைமை ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவது பொய். 2017 ஜூலையில் இழுவைமடித் தொழிலை இந்நாட்டிலே முற்றாகத் தடைசெய்யும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதனைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் கட்சியின் முன்னணியாளரான திரு. ம. ஆ. சுமந்திரன். தனிநபர் மசோதா ஒன்று சட்டமாவது இந்த நாட்டிலே எவ்வளவு அரிது என்பதைச் சட்டம் அறிந்த வாசகர் அறிவர். அடுத்த ஆண்டிலேயே வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டப்பணம் மிகப் பெரிய கலங்களுக்கு 17 கோடியே 50 இலட்சம் ரூபா வரை உயர்த்தப்பட்டது. இவை நல்ல வேலைகள். பாராட்டுகிறோம்.

ஆனால் சட்டப் புத்தகத்திலே அச்சான தடை கடலிலே அச்சாகவில்லை. நான்கு ஆண்டுகள் சென்றன. 2021 அக்டோபர் 17ஆம் நாள், அச்சட்டத்தை நடைமுறைப்படுத்துக என்று கோரி முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறை வரை படகுப் பேரணி ஒன்று நடைபெற்றது. தலைவர்களும் படகேறினார்கள். பத்திரிகைகளில் படங்கள் வந்தன. பேரணி பருத்தித்துறையோடு நின்றது; தீவகத்தை எட்டவில்லை. அதற்கடுத்த வாரம் என்ன நடந்தது? அதற்கடுத்த மாதம்? 2024 மார்ச்சில் யாழ்ப்பாணத்திலே இந்தியத் துணைத் தூதரகத்தின் முன்னால் உண்ணாவிரதம் இருந்தவர்கள் கடற்றொழிலாளர்களே. பட்டினி கிடந்து பழகியவர்களுக்கு அதுவும் இயலும் என்று தலைமை நினைத்ததோ, யாமறியோம்.

இங்கேதான் 1961ஐ நினைக்கிறோம். அவ்வாண்டு பெப்ரவரி 20ஆம் நாள் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலிலே தலைவர்கள் தரையில் அமர்ந்தார்கள். அடியும் உதையும் விழுந்தன. எழுந்து போகவில்லை. வாரக்கணக்கில் இருந்தார்கள். மட்டக்களப்பும் திருகோணமலையும் மன்னாரும் வவுனியாவும் உடனெழுந்தன. ஏப்ரலிலே தமிழரசுத் தபாற்சேவை நடத்தி அரசாங்கத்தின் முத்திரைக்கே சவால் விட்டார்கள். இராணுவம் வந்து கைதுசெய்து கொண்டுசென்ற பின்னரே வாயில் திறந்தது. மொழிக்காக அப்படி இருக்கத் தெரிந்த கட்சிக்கு, மீனுக்காக ஒரே ஒரு வாரம் ஒரு துறைமுகத்திலே இருக்கத் தெரியாதா? கச்சேரியின் கல்லைவிடக் குறிகாட்டுவான் இறங்குதுறையின் கல் சூடானதா?

காரணம் ஒன்று நமக்குத் தோன்றுகிறது. அன்று இராணி அப்புக்காத்துமார், இன்று ஜனாதிபதி சட்டத்தரணிகள் என்று தலைமை பெரும்பாலும் கறுப்பு அங்கியின் கையிலேயே இருந்து வருகிறது. அங்கியைப் பழிக்கவில்லை. ஆனால் அதற்கொரு பழக்கம் உண்டு. வாதத்தைத் திறம்படச் சமர்ப்பித்து, தீர்ப்பைப் பெற்று, கோவையைக் கட்டி வைத்துவிடும் பழக்கம். சட்டம் நிறைவேறியதும் வழக்கு முடிந்தது என்று தலைமை எண்ணிற்று. வலை அறுந்தவனுக்கு வழக்கு அன்றுதான் தொடங்கிற்று.

வழக்கு என்றே பேசுவதானால் ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்துக்குத்தான் வாருங்கள். எல்லை தாண்டி வந்து கடற்படையிடம் பிடிபடுவோர் பலர் அங்கேதான் முன்னிலைப்படுத்தப்படுகிறார்கள். விளக்கமறியல், விடுதலை, தண்டம், படகு பறிமுதல் என்று தவணைகள் நகர்கின்றன. எதிர்க்கரையிலே அவர்களுக்காகக் குரல் எழுகிறது. முதலமைச்சர் டில்லிக்குக் கடிதம் எழுதுகிறார். டில்லி கொழும்போடு பேசுகிறது. இத்தனைக்கும் நடுவே, அன்றிரவு வலை இழந்த நெடுந்தீவான் எங்கே? அவ்வழக்கிலே அவன் கட்சிக்காரன் அல்லன். அவனுடைய இழப்பைக் கணக்கெடுத்து மன்றிலே வைப்பார் இல்லை. சட்டத்தரணிகள் நிறைந்த ஒரு கட்சிக்கு இதைவிடத் தகுந்த பணி வேறென்ன இருக்கிறது? ஒவ்வொரு துறையிலும் வலை இழப்புப் பதிவேடு ஒன்று வைத்து, ஒவ்வொரு இழப்புக்கும் முறைப்பாடு செய்து, இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்திருந்தால் இந்தச் சில ஆண்டுகளில் எத்தனை கோவைகள் சேர்ந்திருக்கும்! டில்லியில் பேசும்போது அக்கோவைகளை மேசைமேல் வைத்தால் எவ்வளவு பாரமாயிருக்கும்!

டில்லி என்றதும் தலைவர்களின் குரல் தாழ்ந்துவிடுகிறது. பதின்மூன்றாவது திருத்தத்துக்கு இந்தியாவின் துணை வேண்டும். தமிழகம் நமக்குத் தொப்புட்கொடி உறவு. ஆகவே அடக்கி வாசிப்போம் என்கிறார்கள். உறவை நாமும் மதிக்கிறோம். ஆனால் இழுவைப்படகின் சொந்தக்காரன் யார், அதிலே வலை இழுப்பவன் யார் என்று இவர்கள் என்றாவது பிரித்துப் பார்த்ததுண்டா? படகு முதலாளி கரையிலே இருக்கிறான். கடலுக்கு வருபவன் பங்குக்கும் கூலிக்கும் உழைக்கும் ஏழைத் தமிழன். சிறைக்குப் போகிறவனும் அவனே. 2021 ஜனவரியில் நெடுந்தீவுக் கடலிலே கடற்படைக் கலத்தோடு மோதிய படகில் மாண்ட நால்வரும் அவ்வாறு வந்தவரே. அவர்களுக்காகவும் நம் நெஞ்சு வேகிறது. இரு கரைத் தொழிலாளரையும் மோதவிட்டு நடுவிலே இலாபம் எடுக்கும் முறையை எதிர்ப்பது உறவைக் கெடுப்பதாகுமா? இந்திய அரசாங்கமே 2017இல் 1,600 கோடி இந்திய ரூபா செலவில் 2,000 இழுவைப்படகுகளை ஆழ்கடற் படகுகளாக மாற்றுவோம் என்று திட்டம் வகுத்தது. அவற்றுள் கடலில் இறங்கியவை மிகச் சில. அந்த வாக்குறுதி என்னவாயிற்று என்று டில்லியைக் கேட்பது பகைமை அன்று. உறவினன் கேட்காமல் வேறு யார் கேட்பது?

உள்ளூரிலும் ஒரு சங்கடம் இருப்பதை அறிவோம். குருநகரிலும் இழுவைமடித் தொழில் செய்வோர் உளர். தடை அவர்களுக்கும் உரியதே. அவர்களுக்கு மாற்றுத் தொழிலும் கடனும் தேடிக் கொடுக்காமல், வாக்கு இழப்போம் என்றஞ்சி வாளாவிருந்தால், நம் வாதத்தின் அடியிலேயே ஓட்டை விழுகிறது. எதிர்க்கரையார் அந்த ஓட்டையைத்தான் சுட்டுகிறார்கள். வேலணை, புங்குடுதீவுக் கரைகளில் சிறு தொழிலாளி கால் நனைத்து மீன் பிடித்த ஆழமற்ற கடலை அட்டைப் பண்ணைகளுக்கு அடைத்துக் கொடுத்ததும் இவ்வாறே. பண்ணையால் பயன்பெறுவோரும் உண்டு; இடமிழந்தவனைக் கேட்டார் யார் என்பதே நம் வினா.

உத்தியோகத்தரே, டாக்டர்களே, ஆசிரியர்களே, கமக்காரரே! இது கரையார் விவகாரம் என்று நாம் கைகழுவும் பழக்கம் பழையது. அந்தப் பழக்கத்துக்குள் சாதியும் ஒளிந்திருக்கிறது என்பதைச் சொல்லவும் நாம் கூசவில்லை. ஆனால் நாளை நம் முறை வராதென்று நினைக்க வேண்டாம். 1970க்கும் 1977க்கும் இடையிலே மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் நிமிர்ந்தான். 1977இல் சந்தை திறந்துவிடப்பட்டதும் சரிந்தான். அதே 1977இல்தான் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களோடு பாராளுமன்றம் சென்றது, திரு. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். தோட்டக்காரன் நிமிர்ந்ததும் சரிந்ததும் தலைமையின் பெருங்கவலையாக இருக்கவில்லை. 2015இலும் அதே எதிர்க்கட்சித் தலைமை திரு. சம்பந்தனின் கைக்கு வந்தது. கூட்டமைப்புக்கு 16 அங்கத்தவர். அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டங்களுக்குக் கைகள் உயர்ந்தன. அந்தக் கைகளுக்கு என்ன விலை கேட்கப்பட்டது? தடைச்சட்டத்தை நிறைவேற்ற ஒரு கடல் ரோந்து முறையாவது கேட்கப்பட்டதா?

வர்க்கம் பேசினால் இனம் பிளவுபடும் என்பது பழைய விடை. இனத்தைப் பிளப்பது பேச்சன்று, பசி. 2024 நவம்பர் 14ஆம் நாள் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 தேசிய மக்கள் சக்திக்குச் சென்றன. தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தது ஒன்று. அதே ஆண்டின் தொடக்கத்திலே, தலைவர் தெரிவு முடிந்த கையோடு கட்சி நீதிமன்றப் படியேறி நின்ற காட்சியை மக்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2025 மே உள்ளூராட்சித் தேர்தலிலே கட்சி மீண்டும் தலைநிமிர்ந்தது உண்மை. அதை மன்னிப்பென்று கொள்ளற்க. தவணை என்று கொள்க. கொழும்பு ஆட்சியாளரும் அதே தவணையில்தான் நிற்கிறார்கள். அவர்கள் தடைச்சட்டத்தை எவ்வளவு தூரம் கடலிலே செலுத்துகிறார்கள் என்பதையும் இதே கோலால் அளப்போம்.

1985 மே 15ஆம் நாள் குமுதினிப் படகிலே வெட்டுண்டு மாண்டவர்களை நினைவுகூர ஆண்டுதோறும் மாவிலித்துறைக்கு மக்கள் வருகிறார்கள். தலைவர்களும் வரட்டும், மலர் தூவட்டும். அது கடமை. அந்நேரத்திலே கடல் சற்று ஓய்ந்திருக்கும்; ஏனெனில் தமிழகத்தின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தடை நீங்கியதும் இழுவைப்படகுகள் மீண்டும் புறப்படும். மலர் தூவிய தலைவர்கள் ஒரு மாதம் கழித்து, ஜூன் 15ஆம் நாள், பதிவேட்டுப் புத்தகத்தோடும் பாயோடும் அதே மாவிலித்துறைக்கு வந்து ஒரு வாரம் தங்குவார்களா? வருவதாயின் குறிகாட்டுவானிலிருந்து படகு எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்பதை முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும். அதைத் தவறவிட்டால் காத்திருப்பது எவ்வளவு நேரம் என்பது தீவகத்தாருக்குத் தெரியும்.