விருந்தோம்பலும் ஒரு தலைமைப் பண்பே!

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு மாணவி

"படித்து முடித்து என்னவாகப் போகிறாய்?" இந்தக் கேள்வியைச் சந்திக்காத மாணவி நம் பள்ளியில் இருக்க முடியாது. மருத்துவர் என்றாலும், ஆசிரியை என்றாலும், வங்கி அதிகாரி என்றாலும் கேட்டவர் முகம் மலர்கிறது. ஆனால், "ஹோட்டல் நிர்வாகம் படிக்கப் போகிறேன்" என்று ஒருத்தி சொல்லட்டும்! "எச்சில் தட்டு எடுக்கவா உன்னை இவ்வளவு தூரம் படிக்க வைத்தோம்?" என்று வீடே திரண்டு எழுகிறது. எங்கள் உறவில் ஓர் அக்காவை, நல்ல மதிப்பெண்கள் பெற்றிருந்தும், நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே விடவில்லை. இந்த எண்ணம் சரிதானா என்று ஆராய்வதே என் நோக்கம்.

வீட்டுக்கு வந்தவரை உபசரிக்கும் பெண்ணைக் 'குடும்ப விளக்கு' என்று போற்றுகிறோம். அதே பெண் அதே பணியை முறையாகக் கற்று, ஊதியம் பெற்றுச் செய்தால் மட்டும் இழிவென்கிறோம். இது என்ன நியாயம்?

தோழியரே, 'விருந்து' என்னும் சொல்லைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இன்று அதற்கு அறுசுவை உணவு என்று பொருள் கொள்கிறோம். பழந்தமிழில் அது 'புதுமை' என்னும் பொருளையும் தந்தது. புதிதாக வருபவரே விருந்தினர். தொல்காப்பியம் புதிதாகப் புனையப்படும் நூல் வகைக்கும் 'விருந்து' என்றே பெயரிடுகிறது. இலத்தீன் மொழியில் 'ஹோஸ்பெஸ்' என்ற ஒரே சொல் விருந்தளிப்பவரையும் குறிக்கும், விருந்தினரையும் குறிக்கும். ஹோட்டல், ஹாஸ்டல், ஹாஸ்பிடல் ஆகிய மூன்றும் அந்த ஒரே குடும்பத்தில் பிறந்த சொற்கள். நோயாளிக்குப் பணிவிடை செய்யும் செவிலியை வணங்கும் நாம், பயணிக்குப் பணிவிடை செய்பவளை மட்டும் ஏன் தாழ்வாக நினைக்க வேண்டும்?

ஹோட்டல் நிர்வாகக் கல்விக்கென ஒரு வரலாறு உண்டு. 1893-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டின் லோசான் நகரில் ஜாக் சூமி என்பவர் உலகின் முதல் ஹோட்டல் பள்ளியைத் தொடங்கினார். 1922-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பு தொடங்கியபோது, அதற்கு இடமளித்தது எந்தத் துறை தெரியுமா? 'பெண்கள் படிப்பு' என்று பலரும் ஏளனம் செய்யும் மனையியல் துறைதான்! அத்துறையை அப்போது நடத்தி வந்தவர்கள் மார்த்தா வான் ரென்சலர், ஃப்ளோரா ரோஸ் என்ற இரு பெண்மணிகள். நம் நாட்டில் 1954-இல் பம்பாயில் இத்தகைய கல்லூரி உருவாகக் காரணமாயிருந்தது, லீலாவதி முன்ஷி அம்மையார் தலைமையில் இயங்கிய ஒரு மகளிர் அமைப்பு. நம் சென்னைத் தரமணியிலும் அரசின் ஹோட்டல் நிர்வாகக் கல்லூரி இருக்கிறது. பெண்கள் முன்னின்று வளர்த்த கல்வியைப் பெண்களுக்கு ஆகாது என்பது விந்தையிலும் விந்தை!

அங்கே என்ன கற்பிக்கிறார்கள்? சமையல், பரிமாறல், வரவேற்பு, அறைப் பராமரிப்பு ஆகிய நான்கும் அடிப்படைப் பாடங்கள். இவற்றோடு கணக்கு, சட்டம், ஊட்டச்சத்து, சுகாதாரம் ஆகியவையும் உண்டு. நாளை மேலாளர் நாற்காலியில் அமரப் போகும் மாணவியும் இன்று வெங்காயம் நறுக்க வேண்டும். படுக்கை விரிப்பைச் சுருக்கமின்றி விரிக்க வேண்டும். குளியலறையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இதைத்தான் பெற்றோர் பலர் இழிவென நினைக்கின்றனர். இதுவே அந்தக் கல்வியின் உயிர்நாடி என்பது என் கருத்து. ஓர் அறையைத் தூய்மை செய்ய எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு முதுகு வலிக்கும் என்று தன் உடம்பால் அறிந்தவளே, பிறரிடம் நியாயமாக வேலை வாங்குவாள். கீழிருந்து ஏறியவளுக்கே மேலிருந்து வழிநடத்தும் தகுதி உண்டு.

புதுமைகளும் அப்படித்தான் பிறக்கின்றன. எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர் என்ற அமெரிக்கர் 13 வயதிலேயே ஒரு ஹோட்டலில் பெட்டி தூக்கும் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அந்நாளில் தனிக் குளியலறை என்பது செல்வந்தருக்கே கிடைத்த வசதி. மற்றவர்கள் பொதுக் குளியலறைக்கு நடக்க வேண்டியதுதான். 1908-இல் பஃபலோ நகரில் அவர் கட்டிய ஹோட்டலில் 300 அறைகள். ஒவ்வோர் அறைக்கும் தனிக் குளியலறை! வாடகையோ ஒன்றரை டாலரிலிருந்து தொடங்கியது. இது எப்படி முடிந்தது? இரண்டு அறைகளின் குளியலறைகளை முதுகோடு முதுகாக அமைத்து, நடுவே ஒரே குழாய்ப் பாதையை மேலிருந்து கீழாகச் செலுத்தினார். செலவு குறைந்தது, சாதாரணப் பயணிக்கும் வசதி கிட்டியது. புதுமைக்குப் பெரிய ஆய்வுக்கூடம்தான் வேண்டும் என்பதில்லை. பிறருடைய சிரமத்தைக் காணும் கண் இருந்தால் போதும். அந்தக் கண்ணைத் திறந்து வைப்பதே இக்கல்லூரிகளின் முதற்கடமை.

தலைமைப் பண்புக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2008 நவம்பர் 26 அன்று இரவு மும்பை தாஜ்மஹால் ஹோட்டலைப் பயங்கரவாதிகள் தாக்கினர். அங்கே ஒரு விருந்துக் கூடத்தின் பொறுப்பில் இருந்தவர் மல்லிகா ஜகத்; வயது 24. துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் கதவுகளைப் பூட்டச் செய்தார். விளக்குகளை அணைக்கச் செய்தார். விருந்தினர்களை மேசைகளுக்கு அடியில் படுக்க வைத்தார். இரவு முழுவதும் அவரும் உடன் பணிபுரிந்தவர்களும் தண்ணீர் கொடுத்து, தைரியம் சொல்லி, காலையில் தீயணைப்புப் படையினர் வரும்வரை காத்தனர். சமையலறை ஊழியரோ, தப்பிச் செல்லும் விருந்தினரைச் சுற்றி மனிதச் சுவராக நின்றனர், உயிரையும் ஈந்தனர். பொது மேலாளர் கரம்பீர் சிங் காங் தம் மனைவியையும் இரு மகன்களையும் அத்தீயில் இழந்தும் கடமையை விட்டு அகலவில்லை. பின்னாளில் ஹார்வர்டு வணிகப் பள்ளியே இந்நிகழ்ச்சியைத் தலைமைப் பண்புக்கான பாடமாக்கியது. இவர்கள் செய்ததையா 'எச்சில் தட்டு எடுக்கும் வேலை' என்பது?

பெற்றோரின் அச்சத்தில் உண்மையே இல்லை என்று நான் கூறவில்லை. இரவுப் பணி உண்டு. பண்டிகை நாளில் ஊரே ஓய்ந்திருக்க, இவர்கள் ஓடி ஓடி உழைக்க வேண்டும். அடக்கமின்றிப் பேசும் வாடிக்கையாளரும் உண்டு. ஆனால், இரவுப் பணி செவிலியருக்கும் உண்டு. காவல்துறைப் பெண்களுக்கும் உண்டு. ஆபத்து இருக்கிறது என்று பெண்ணை வீட்டில் பூட்டி வைப்பதா தீர்வு? இரவில் பாதுகாப்பான வாகனம், முறையான ஓய்வு, புகார் செய்தால் காது கொடுத்துக் கேட்கும் நிர்வாகம் ஆகியவற்றை நிறுவனங்கள் தந்தாக வேண்டும். புன்னகை புரிவது வேறு, அவமானத்தைப் பொறுப்பது வேறு. இந்த வேறுபாட்டைக் கல்லூரிகளும் தம் மாணவியருக்கு அழுத்தமாகக் கற்பிக்க வேண்டும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. செல்வந்தரை மகிழ்விக்கும் கலையாக மட்டும் இக்கல்வி சுருங்கிவிடக் கூடாது. மிஞ்சும் உணவை வீணாக்காமல் பசித்தவரிடம் சேர்ப்பது எப்படி? ஆயிரம் பேருக்குக் குறைந்த செலவில் சத்துணவு சமைப்பது எப்படி? மருத்துவமனைக்கும் மாணவர் விடுதிக்கும் சுவையும் சுத்தமும் கொண்டு வருவது எப்படி? இவையும் ஹோட்டல் நிர்வாகம் கற்றவர் தீர்க்க வேண்டிய கணக்குகளே. நம் நாட்டுக்கு வேண்டிய புதுமை இங்கேதான் இருக்கிறது.

அன்புத் தோழியரே! எல்லோரும் இப்படிப்பில் சேருங்கள் என்று நான் சொல்லவில்லை. சேர விரும்பும் ஒருத்தியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பெரியோர்களே! உங்கள் மகள் இவ்விருப்பத்தைச் சொன்னால் உடனே மறுக்காமல், ஒரு முறை அக்கல்லூரிக்கு அவளுடன் சென்று பாருங்கள். பிறர் பசியும் களைப்பும் அறிந்து முந்திச் சென்று உதவுபவளே தலைவி. அந்தத் தலைமை சமையலறையிலிருந்து தொடங்கினால் என்ன குறைவு?