ஏணியின் கீழ்ப்படி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

"மாமா, நான் தமிழில் அரும்பு" என்றாள் என் அக்காள் மகள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். சொல்லும்போது தலை கவிழ்ந்திருந்தது.

அரும்பு, மொட்டு, மலர் என்பவை 2022-ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் மூன்று நிலைகள். ஒரே வகுப்பில் இருந்தாலும், பிள்ளைக்கு எதுவரை தெரியும் என்று பார்த்து அதற்கேற்ற பயிற்சி கொடுப்பது அதன் வழி. பெயர் வைத்தவர் நல்ல மனம் படைத்தவர். 'மக்கு' என்ற சொல் தலைகாட்டாமல் பார்த்துக்கொண்டார். ஆயினும், எந்தப் பூவின் பெயரைச் சூட்டினாலும் தான் நிற்கும் படி எது என்பது ஏழு வயதுக் குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது.

அதற்காகப் படிநிலைகளே வேண்டாம் என்று விடுதியில் வாதிடும் நண்பர்களோடு நான் உடன்படவில்லை. அந்த ஏணியில் ஏறி வந்தவன் நான்.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-இல் தமிழகம் முழுதும் பரவியது. நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 2011-இல். பாடம் ஏணிப்படிகளாகப் பிரிந்திருக்கும், படிக்கொரு அட்டை. பாயில் வட்டமாக உட்காருவோம். ஆசிரியர் முழுதும் உதவும் குழு, ஓரளவு உதவும் குழு, உடன் படிப்பவர் உதவும் குழு, தானே கற்கும் குழு, மதிப்பீட்டுக் குழு எனப் பல குழுக்கள்.

தை பிறந்ததும் எங்கள் குடும்பம் செங்கல் சூளைக்குப் போய்விடும். ஆனியில்தான் திரும்புவோம். அதற்குள் என்னோடு சேர்ந்தவர்கள் முப்பது அட்டை முன்னே போயிருப்பார்கள். பழைய முறையாக இருந்தால் அன்றே நான் தொலைந்திருப்பேன். என் ஏணியோ நான் விட்ட இடத்தில் எனக்காகக் காத்திருந்தது.

இன்னொன்றும் நடந்தது. சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. அப்பாவும் அம்மாவும் அறுத்த கல்லை எண்ணுவது என் வேலை. ஆகவே தமிழ் ஏணியில் கீழே நின்ற நான், கணக்கு ஏணியில் மேலே இருந்தேன். காலையில் எனக்கு 'ழ' சொல்லித் தந்த பெண்ணுக்கு மாலையில் நான் கடன் வாங்கிக் கழித்தல் சொல்லித் தந்தேன். அந்த மாலைகள் இல்லாவிட்டால் இன்று இந்தத் துறையில் இருப்பேனா என்பது ஐயமே. பாடத்துக்குப் பாடம் படி வேறாக இருக்கட்டும். பிள்ளைக்கு மொத்தமாக ஒரே பெயரைச் சூட்டிவிடக் கூடாது.

குறையும் உண்டு. எங்கள் பாயில் நான்கு வகுப்புப் பிள்ளைகள், ஆசிரியர் ஒருவர். முழு உதவி வேண்டிய குழுவில்தான் அவர் உட்கார வேண்டும். ஆனால் அட்டையை முடித்துக்கொண்டு வரிசையில் நிற்பவர்களே அவர் நேரத்தைத் தின்றுவிடுவார்கள். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே அட்டையில் ஒரு பருவம் முழுதும் உட்கார்ந்திருந்த ஒருவன் என் பக்கத்தில் இருந்தான். இப்போது சூளையில் கல் அறுக்கிறான். என்னைவிடக் கெட்டிக்காரன் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அமெரிக்காவில் 2004-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் பரவிய மூன்றடுக்கு முறையில், எல்லோருக்கும் பொதுப் பாடம், தங்கியவருக்குச் சிறு குழு, அதிலும் தங்கியவருக்குத் தனிக் கவனம் என்று வைத்திருக்கிறார்கள். கீழே போகப் போக ஆள் உதவி கூடுகிறது. சில வாரங்களுக்கு ஒருமுறை அளந்தும் பார்க்கிறார்கள். நாம் அட்டையைக் கொடுத்தோம், நூலைக் கொடுத்தோம்; ஆளைக் கொடுக்கத் தயங்குகிறோம். ஒரு பிள்ளை மூன்று மாதம் அரும்பிலேயே இருந்தால் அது பிள்ளையின் தோல்வி அல்ல, உதவி போதவில்லை என்பதன் அடையாளம் என்றே நான் எண்ணுகிறேன்.

நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் கோயில் குளத்தைத் தூர் வாருகிறோம். நல்ல பணிதான். இந்த ஆண்டு அதில் நாளுக்கு ஒரு மணி நேரத்தை அவ்வூர்ப் பள்ளியின் அரும்புக் குழுவோடு கழிக்கலாமா என்று திட்ட அலுவலர் ஐயாவிடம் கேட்டேன். இருபது பெயரோடு வரச் சொன்னார். இதுவரை ஏழு பேர் சேர்ந்திருக்கிறார்கள். தாள் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது.