சத்திரக்காரனின் பங்கு



பிள்ளைகள் வெளிநாட்டில் வாழும் பெற்றோர் நம் சபையில் அநேகர். பேரப்பிள்ளை பிறக்கும் வேளையில் அமெரிக்காவுக்குப் புறப்படும்போது ஊறுகாயையும் பருப்புப்பொடியையும் கவனமாய்க் கட்டிக்கொள்கிறோம். அங்கே நோயுற்றால் என்ன செய்வோம் என்று எண்ணுவதில்லை. அந்நாட்டின் ஏறக்குறைய எல்லா மருத்துவமனைகளிலும், அவசரப் பிரிவுக்கு வருபவரைப் பணமில்லை என்று பரிசோதிக்காமல் திருப்பியனுப்பக் கூடாது என்பது 1986 முதல் சட்டம். ஆனால் கட்டணச்சீட்டு பின்னால் வரும். மருத்துவமனைக்கு ஒன்று, மருத்துவருக்கு ஒன்று என்று தனித்தனியாகவும் வரும். பயணக் காப்பீடுகள் பலவும் முன்பே உள்ள நோய்களை விலக்கிவைக்கின்றன. ஆகவே பத்திரத்தின் விலக்குகளை வாசித்துவிட்டு, உட்கொள்ளும் மருந்துகளின் மூலப்பெயர்களை எழுதி எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்.

இதற்கு மேலாகவும் ஒன்று உண்டு. நாம் குடியிருக்கும் இந்த ஊரே வேறொருவருக்கு அந்நிய தேசம். வண்டலூரிலிருந்து தாம்பரம் கடந்தால் குரோம்பேட்டை. அங்கே ரேலா மருத்துவமனை. மேடவாக்கத்தைத் தாண்டினால் பெரும்பாக்கத்தில் மற்றொரு பெரிய மருத்துவமனை. கல்லீரல் மாற்று போன்ற பெருஞ்சிகிச்சைகளுக்காகக் கடல் கடந்தும் இங்கே வருகிறார்கள். நோயாளிக்கு மருத்துவ விசா. உடன் வரும் உறவினருக்கு உதவியாளர் விசா, பொதுவாக இருவருக்கு மட்டும்.

அந்த இருவர் சுமப்பது என்ன? மேலைநாட்டு மருத்துவமனைகளில் நோயாளியின் தேவைகளைப் பெரும்பாலும் செவிலியரே பார்த்துக்கொள்வர். நம் நாட்டிலோ உடனிருப்பவர் முன்பணம் கட்ட வேண்டும், மருந்துச்சீட்டுடன் ஓட வேண்டும், சில வேளை மாற்று இரத்தத்துக்கும் ஆள் தேட வேண்டும். நமக்கு அண்ணன் உண்டு, அக்காள் மகன் உண்டு. அவர்களுக்கு இங்கே யார் உண்டு? வீடு திரும்பும் அனுமதி கிடைத்த பின்பும் பரிசோதனைகளுக்காக வாரக்கணக்கில் அருகே அறையெடுத்துத் தங்குகிறார்கள். ஆட்டோக்காரரிடம் வழி சொல்லவும் மொழியில்லை.

நல்ல சமாரியனைக் குறித்து நாம் அநேகம் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். சத்திரக்காரனைக் குறித்துக் கேட்டதுண்டா? சமாரியன் இரண்டு பணத்தைக் கொடுத்து, மீதியைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிப் போய்விட்டான். காயம்பட்டவனோடு அங்கே இருந்தவன் சத்திரக்காரனே. கூலி பெற்றவன்தான், ஆனாலும் அவன் பொறுப்பேற்காவிட்டால் சமாரியனின் இரக்கம் பாதியிலே நின்றுபோயிருக்கும். நம் ஊருக்கு இன்று அந்தப் பங்கு கொடுக்கப்பட்டிருக்கிறது. மருத்துவமனை தன் வேலையைச் செய்யும். சுற்றிலும் வாழும் நாம் செய்ய வேண்டியதும் உண்டு என்பதே என் துணிபு.

வாலிபரே, இரத்ததானத்துக்குப் பெயர் கொடுங்கள். ஆங்கிலமோ இந்தியோ வங்காளமோ அறிந்தவர்களே, வாரத்தில் ஒரு மணி நேரம் துணை போங்கள். அறை வாடகைக்கு விடுவோரே, அந்நியர் என்று வாடகையை ஏற்றாதிருங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்கு இணையவழி தெரிவிக்க வேண்டும் என்பதையும் மறவாதிருங்கள். உறுப்பு மாற்றுப் பெற்றவருக்குத் தொற்று எளிதில் பற்றும். செவிலியரைக் கேளாமல் உள்ளே செல்லாதீர்கள், பூவும் பலகாரமும் கொண்டுபோகாதீர்கள்.

ஒன்றைக் கண்டிப்பாய்ச் சொல்கிறேன். அவர்களில் பலர் வேறு மார்க்கத்தார். படுக்கையில் கிடப்பவரின் பலவீனத்தைப் பிரசங்கத்துக்கு வாய்ப்பாக்க வேண்டாம். கேட்டால் ஜெபியுங்கள், கேளாவிட்டால் கஞ்சி வாங்கிக் கொடுத்துவிட்டு அமைதியாய் வந்துவிடுங்கள். சத்திரக்காரன் காயம்பட்டவனின் குலத்தை விசாரித்ததாக வேதத்தில் இல்லை.

நாளை உங்கள் பிள்ளை ஏதோ ஒரு தூரதேசத்து மருத்துவமனையில் தனியே கிடக்கக்கூடும். அவனருகே ஒருவர் வந்து அமர வேண்டும் என்று நீங்கள் இங்கே முழங்காலில் நிற்பீர்கள். அதே ஜெபத்தை இன்று டாக்காவிலோ மாலேயிலோ ஒரு தாய் ஏறெடுத்துக்கொண்டிருக்கலாம். அதற்குப் பதிலாய்ப் போக வேண்டியவர் நீங்களாயிருக்கலாம்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.