பள்ளி வாசலில் 50 மீட்டர்



பால்கோவா மீது பழி போடுவது எளிது. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டத்தைக் காட்டி, "ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்குச் சர்க்கரை வராமல் என்ன செய்யும்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் பாலும் சீனியும்தான் என்று தெரிந்தே பால்கோவாவை வாங்குகிறார்கள். ஆடிப்பூரத்துக்கு வந்தவர் வாங்கும் கால் கிலோ வீடு முழுக்கப் பங்காகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் பள்ளி விடும் நேரத்தில், வாசலுக்கு எதிரே சரம் சரமாகத் தொங்கும் 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட்டுகளின் கதை வேறு. உப்பு எவ்வளவு, பாமாயில் எவ்வளவு என்பதெல்லாம் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில். முன்பக்கத்திலேயே அதைச் சொல்லவைக்கும் விதியின் வரைவு 2022-இல் வந்தது; 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதக் கெடு விதிக்க வேண்டியிருந்தது.

அதுவாவது வரைவு. பள்ளி வாசலுக்குச் சட்டமே இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகள், 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளவை. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளோ, வாசலில் இருந்து 50 மீட்டருக்குள்ளோ விற்கக் கூடாது, விளம்பரமும் கூடாது.

அந்த 50 மீட்டரை இவ்விரு ஊர்களிலும் அளந்தது யார்?

பீடி, சிகரெட்டுக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் 100 கஜம் என்கிறது. பள்ளிச் சுவரில் அதை எழுதி வைக்கிறார்கள். குட்கா சிக்கினால் கடைக்குச் சீல் விழுகிறது. சிப்ஸுக்கும் கலருக்கும் எந்தச் சுவரிலும் ஒரு வரி கிடையாது.

விருதுநகரில் பிறந்த காமராஜர் 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்திருக்கிறது. காலையும் மதியமும் பிள்ளையின் வயிற்றை அரசு பார்த்துக்கொள்கிறது. நாலு மணிக்குப் பாக்கெட் கம்பெனி பார்த்துக்கொள்கிறது! அதே பிள்ளை வளர்ந்து ரத்தக் கொதிப்போ சர்க்கரையோ வந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும். நல்ல திட்டம்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்கிறது. நாட்டின் சராசரி 11.4. மாத்திரைக்கு இருக்கும் அக்கறை பள்ளி வாசலுக்கு ஏன் இல்லை?

தள்ளுவண்டிக்காரர் பிழைப்பு போய்விடும் என்பார்கள். போக வேண்டியதில்லை. ஒரு தலைமுறைக்கு முன் இதே வாசல்களில் அவித்த கடலை, நெல்லிக்காய், பனங்கிழங்கு, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்று விற்றவர்களும் பிழைத்தார்கள். ராஜபாளையத்தின் மலையடிவாரத் தோப்புகளில் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் இன்றும் காய்க்கின்றன. வண்டியைப் பறிமுதல் செய்து படம் எடுத்துக்கொள்ளும் நடவடிக்கையை யாரும் கேட்கவில்லை. வண்டியில் இருக்கும் சரக்கு மாறினால் போதும். அதற்கு நகராட்சி கட்டணத்தில் சலுகை கொடுக்கலாம்.

ஜூனில் பள்ளி திறப்பதற்குள் உணவுப் பாதுகாப்புத் துறையும் இரு நகராட்சிகளும் ஒவ்வொரு வாசலிலும் 50 மீட்டரை அளந்து மஞ்சள் கோடு போட வேண்டும். எந்தப் பண்டம் கூடாது என்ற பட்டியலைத் தமிழில் சுவரில் எழுத வேண்டும். மீறினால் யாரிடம் புகார் செய்வது என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். முதல் கோடு எந்தப் பள்ளி முன்னால், எந்தத் தேதியில் விழும் என்று மாவட்ட நிர்வாகம் அறிவிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ராஜபாளையம்.