தனியார் பள்ளியில் யார், அரசுப் பள்ளியில் யார்? சந்தாபுரா சொல்லும் கணக்கு

ஓசூரில் பேருந்து ஏறி பெங்களூரு போகிறவர்களுக்கு சந்தாபுரா தெரிந்த ஊர்தான். அத்திபெலே தாண்டி, பொம்மசந்திராவுக்கு முன்னால் வரும். காலை எட்டு மணிக்கு அந்தச் சந்திப்பில் நின்று பாருங்கள். மஞ்சள் பேருந்துகள் ஒரு பக்கம், புத்தகப் பையோடு நடந்து போகும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். ஒரே ஊரின் பிள்ளைகள்தான், ஆனால் ஒரே வகுப்பறையில் உட்காரப் போவதில்லை.

அமெரிக்காவில் இதை இனத்தை வைத்து அளக்கிறார்கள். அங்கே தனியார் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெள்ளையர்கள். அரசுப் பள்ளிகளில் அவர்கள் பாதிக்கும் குறைவு. நம் ஊரில் அந்த இடத்தில் இருப்பது சாதியும் வருமானமும். அதோடு மொழியும், எந்த ஊரில் இருந்து வந்தோம் என்பதும் சேர்கிறது.

எண்கள் என்ன சொல்கின்றன?

2025-ல் மத்திய அரசு வெளியிட்ட கல்விச் செலவு கணக்கெடுப்பின்படி, கிராமப்புறத்தில் 66 சதவீத மாணவர்கள் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். நகர்ப்புறத்தில் 30.1 சதவீதம் மட்டுமே. ஒரு மாணவருக்கு ஆகும் சராசரி ஆண்டுச் செலவு அரசுப் பள்ளியில் 2,863 ரூபாய். மற்ற பள்ளிகளில் 25,002 ரூபாய். கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு!

அப்படின்னா, நகரத்தில் அரசுப் பள்ளியில் மிஞ்சுவது யார்? பெரும்பாலும், வேறு வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் பங்கு தனியார் பள்ளிகளைவிட அரசுப் பள்ளிகளில் அதிகம் என்பதை நாடு தழுவிய கணக்கெடுப்புகள் தொடர்ந்து காட்டி வருகின்றன.

எதோடு ஒப்பிடுவது?

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கர்நாடகத்தில் பட்டியல் சாதியினர் சுமார் 17 சதவீதம். பெங்களூரு நகர மாவட்டத்தில் சுமார் 12.5 சதவீதம். சந்தாபுரா இருக்கும் ஆனேக்கல் சட்டமன்றத் தொகுதியோ தனித்தொகுதி. ஒரு பள்ளியில் 12 சதவீத பட்டியல் சாதி மாணவர்கள் இருந்தால், மாவட்டக் கணக்குக்கு அது சரியாகத் தெரியும், மாநிலக் கணக்குக்குக் குறைவாகத் தெரியும். அதனால், பள்ளியைச் சுற்றி இருக்கும் தெருக்களோடுதான் முதலில் ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது சிக்கல், ‘தனியார்’ என்கிற சொல். மாதம் சில நூறு ரூபாய் வாங்கும் மாடிப் பள்ளியும், லட்சங்களில் வாங்கும் சர்வதேசப் பள்ளியும் புள்ளிவிவரத்தில் ஒரே பத்தியில் உட்கார்ந்திருக்கும். தொழிற்பேட்டை தொழிலாளியின் பிள்ளையும் ஐ.டி. ஊழியரின் பிள்ளையும் ‘தனியார் பள்ளி மாணவர்கள்’ என்றாலும், அவர்கள் சந்திப்பதே இல்லை.

மூன்றாவது, தமிழ்க் குடும்பங்களை நேரடியாகத் தொடுவது. பட்டியல் சாதி என்கிற தகுதி மாநிலத்துக்கு மாநிலம் தனி என்று உச்ச நீதிமன்றம் 1990-ல் சொல்லிவிட்டது. கிருஷ்ணகிரியில் இருந்து வேலைக்காக வந்த ஒரு தலித் குடும்பம், சாதியின் பெயர் இரண்டு மாநிலப் பட்டியலிலும் இருந்தால்கூட, கர்நாடகத்தின் இடஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. எல்லை தாண்டினால் வறுமை மாறுவதில்லை, சான்றிதழின் மதிப்பு மட்டும் மாறிவிடுகிறது.

25 சதவீத இடங்கள் என்ன ஆயின?

2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், இந்தச் சுவரில் ஒரு கதவைத் திறந்தது. தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்குத் தர வேண்டும், செலவை அரசு ஈடுகட்டும். 2012-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 2014 மே 6 அன்று சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்கு அளித்தது. அதே நாளில், அதே அமர்வு, தொடக்கக் கல்வியில் தாய்மொழி வழியை அரசு திணிக்க முடியாது என்று கர்நாடக வழக்கில் தீர்ப்பளித்தது.

2019-ல் கர்நாடக அரசு விதியை மாற்றியது. அருகில் அரசு அல்லது உதவிபெறும் பள்ளி இருந்தால், தனியார் பள்ளியில் இந்த இடங்கள் கிடையாது. அரசுப் பள்ளிகளில் சேர்க்கை குறைகிறது, மக்கள் பணம் தனியாருக்குப் போகிறது என்பது அரசின் வாதம். உயர் நீதிமன்றமும் அந்த ஆண்டு மே மாதம் ஏற்றுக்கொண்டது. விளைவு? சுமார் ஒன்றரை லட்சமாக இருந்த இடங்கள் ஒரே ஆண்டில் 20,000-க்கும் கீழே சரிந்தன. சந்தாபுரா மாதிரி நெருக்கமான ஊரில் அரசுப் பள்ளி எப்படியும் பக்கத்தில் இருக்கும். ஆக, கதவு முதலில் மூடியது நகரத்தில்தான்.

மகாராஷ்டிரமும் 2024-ல் இதே வழியில் போகப் பார்த்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது.

கலந்து படித்தால் என்ன கிடைக்கும்?

டெல்லியின் வசதியான தனியார் பள்ளிகளில் பொருளாதார அறிஞர் கௌதம் ராவ் செய்த ஆய்வு 2019-ல் வெளியானது. ஏழை மாணவர்களோடு படித்த பணக்காரப் பிள்ளைகளிடம் தாராள குணம் கூடியிருந்தது, பாகுபாடு பார்ப்பது குறைந்திருந்தது. படிப்பில் பெரிய பாதிப்பு இல்லை.

மறுபக்கமும் உண்டு. சத்தீஸ்கரில் நடந்த ஆய்வில், இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் எப்படியும் தனியார் பள்ளிக்கே போயிருப்பார்கள் என்று தெரிந்தது. அதாவது, இடம் இருந்தால் மட்டும் போதாது. விண்ணப்பிக்கத் தெரியாத, ஆவணம் இல்லாத வீட்டுக்கும் அது போய்ச் சேர வேண்டும்.

அடுத்த முறை உங்கள் பிள்ளைக்குப் பள்ளி தேடும்போது, தேர்ச்சி விகிதம், கட்டணம் எல்லாம் கேட்பீர்கள். கூடவே ஒன்று கேளுங்கள்: நம் தெருவில் இருக்கும் எல்லோருடைய பிள்ளைகளும் இந்த வகுப்பறையில் இருக்கிறார்களா? பதில் ‘இல்லை’ என்றால், உங்கள் பிள்ளை அந்தத் தெருவில் பாதிப் பேரைத் தெரியாமலே வளரும்.