அடித்து வாங்கிய சொல் உண்மையாகாது
இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில், எட்டாவதும் அதற்கு மேலும் படிக்கும் பிள்ளைகளுக்குச் சித்திரவதையின் வரலாற்றையும் ஒரு பாடமாக வைக்க வேண்டும் என்ற யோசனை வந்தபோது இரண்டு எதிர்ப்புகள் எழுந்தன. "பிஞ்சு மனசில் பயத்தை விதைக்காதீர்கள்" என்றார்கள் தாய்மார்கள். "பிழைக்க வந்த ஊரில் போலீசோடு நமக்கு எதற்கு வம்பு?" என்றார்கள் பெரியவர்கள். இரண்டுமே அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடியவை அல்ல. பதில் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

நாம் சொல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு இது தெரியாமலே போய்விடுமா? பாடம் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. சினிமாவில் காக்கிச் சட்டைக் கதாநாயகன் லாக்கப்பில் ஒருவனைப் போட்டு அடிக்கிறான், கொட்டகையே கைதட்டுகிறது. 'கைதி கழிவறையில் வழுக்கி விழுந்தார்' என்று மாவுக்கட்டுப் போட்ட கையோடு ஒரு படம் வருகிறது. அதைக் கைபேசியில் அனுப்பிச் சிரிக்கிறார்கள். சந்தில் ஒரு திருடன் பிடிபட்டால், "முட்டிக்கு முட்டி தட்டு, உண்மை தானாக வரும்" என்று நாலு பேர் சொல்கிறார்கள். "அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் பழமொழி. இவ்வளவையும் கேட்டு வளரும் பிள்ளைக்கு மறுபக்கத்தைச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

அடித்தால் உண்மை வருமா என்பதுதான் முதல் பாடம். இதற்கு வெளிதேசத்து உதாரணம் தேட வேண்டியதில்லை. 2006 ஜூலை 11 மாலையை, ரயிலை நம்பிப் பிழைக்கும் மும்பைவாசிகள் யாரும் மறக்க முடியாது. மேற்கு ரயில்வேயின் புறநகர் வண்டிகளில் ஏழு குண்டுகள் வெடித்தன. 180-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வழக்கமாக, போலீசிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்பதில்லை. ஆனால் இந்த வழக்கு நடந்த மகாராஷ்டிர தனிச் சட்டம் உயர் போலீஸ் அதிகாரி பதிவு செய்யும் வாக்குமூலத்துக்கு இடம் கொடுத்தது. 2015-இல் தனி நீதிமன்றம் 12 பேரைக் குற்றவாளிகள் என்றது. ஐவருக்குத் தூக்கு, எழுவருக்கு ஆயுள் தண்டனை. 2025 ஜூலை 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் 12 பேரையும் விடுவித்தது. வாக்குமூலங்கள் சித்திரவதையால் வாங்கப்பட்டவை என்ற வாதத்தை ஏற்று அவற்றை ஒதுக்கித் தள்ளியது. மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு சென்றது.

கணக்குப் பாருங்கள். பத்தொன்பது ஆண்டுகள்! சிறையில் கிடந்தவர்களின் வாழ்வு போயிற்று. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கும் குண்டு வைத்தவன் யார் என்ற விடை கிடைக்கவில்லை. "ஆயிரம் உயிரைக் காப்பாற்ற ஒருவனை அடித்தால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு இந்த வழக்கைத்தான் காட்ட வேண்டும். வலி தாங்காதவன் உண்மையைச் சொல்வதில்லை. எதைச் சொன்னால் அடி நிற்குமோ அதைச் சொல்கிறான்.

இந்தக் கொடுமை தானாக முளைத்ததல்ல, எதிர்ப்பில்லாமல் நடந்ததும் அல்ல என்பது இரண்டாவது பாடம். கம்பெனி ஆட்சியில் சென்னை மாகாணத்து ஏழை விவசாயியிடம் வரிபாக்கியை எப்படி வசூலித்தார்கள்? விரல்களை மரக் கிட்டியில் வைத்து நெரித்தார்கள். குனிய வைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்தினார்கள். விசாரணைக் குழு ஒன்று இதையெல்லாம் விசாரித்து 1855-இல் அறிக்கை தந்தது. கொடுமை நடந்தது உண்மை என்று ஒப்புக்கொண்ட அதே அறிக்கை, பழியைக் கீழ்மட்ட இந்தியச் சிப்பந்திகள் மீது போட்டு வெள்ளை அதிகாரிகளைத் தப்பவிட்டது. அவ்வளவு வரியை விதித்தவன் யார் என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை அதே கதைதான். மாட்டுகிறவன் கான்ஸ்டபிள், "எப்படியாவது ஒப்புக்கொள்ள வை" என்றவன் வெளியே தெரிவதில்லை.

ஆனாலும் ஏழைகள் கொடுத்த புகார்கள் வீண்போகவில்லை. 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 330-ஆம் பிரிவு, வாக்குமூலத்துக்காகத் துன்புறுத்தும் போலீஸ் அதிகாரியையும், வரிபாக்கிக்காகத் துன்புறுத்தும் வருவாய் அதிகாரியையும் உதாரணமாகவே காட்டி, குற்றவாளி என்றது. அந்தச் சட்டம் 2024 ஜூலையில் மாறியபோதும், இந்தக் குற்றம் புதிய சட்டத்தின் 120-ஆம் பிரிவில் நிற்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இது குற்றம் என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி, "நமக்கு எதற்கு வம்பு?" என்பதற்கு வருவோம். வம்பு நம்மைத் தேடி வரும், தோழர்களே! 1983-இல் ஆந்திராவின் குண்டூரில் பிழைத்துக்கொண்டிருந்த தமிழ் இளைஞர்களைப் போலீஸ் பிடித்துப் போய், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடித்தது. அவர்களில் ஒருவரான கோவை மு. சந்திரகுமார் பின்னாளில் அதை 'லாக்கப்' என்ற நாவலாக எழுதினார். 2015-இல் அது 'விசாரணை' என்ற படமாயிற்று. ஏன் அவர்களைப் பிடித்தார்கள்? கேட்க நாதியில்லாத வெளியூர்க்காரர்கள் என்பதால்தான். இன்று அந்த இடத்தில் நாம் மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் செங்கல் சுமக்கும் பீகார்க்காரனும் அதே இடத்தில்தான் நிற்கிறான். அவனை நினைத்தும் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

"சரி, உண்மையான திருடனையும் அடிக்கக் கூடாதா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கூடாது என்று தயங்காமல் சொல்ல வேண்டும். தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை. கை கட்டப்பட்டவனை அடிப்பது வீரமல்ல. நம் பிள்ளைகளிலும் நாளை சிலர் காக்கி உடுத்துவார்கள். அவர்களுக்குச் சாத்தான்குளத்தைச் சொல்ல வேண்டும். 2020 ஜூனில் கடை நடத்திய தந்தையும் மகனுமான ஜெயராஜும் பென்னிக்ஸும் அங்கே போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தார்கள். கண்டதைக் கண்டபடி மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் அதே நிலையத்துப் பெண் தலைமைக் காவலர்தான். மேலதிகாரி சொன்னார் என்று அடிக்கவும் முடியும். மேலதிகாரி இருக்கும்போதே உண்மையைச் சொல்லவும் முடியும். எது ஆண்மை, எது பெண்மை என்றெல்லாம் பேசுவதைவிட, எது மனிதத்தன்மை என்று பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.

பயம் பற்றிக் கவலைப்படும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கோரப் படங்கள் எதையும் காட்டப் போவதில்லை. வகுப்பில் பிரம்பும் இருக்காது. பள்ளியில் பிள்ளையை அடிப்பதை 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே தடுக்கிறது. பிரம்பைப் பிடித்துக்கொண்டு இந்தப் பாடத்தை நடத்தவும் முடியாது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் மட்டுமே அதில் சேராது என்பதைச் சொல்வோம். உறவினருக்குத் தகவல் தர வேண்டும், காவலில் இருக்கும்போது 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்க வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டு விதிகளைச் சொல்வோம். அவை எப்படி வந்தன தெரியுமா? வங்காளத்தில் சட்ட உதவி செய்துவந்த டி.கே. பாசு 1986-இல் தலைமை நீதிபதிக்கு எழுதிய ஒரு கடிதத்தால் வந்தன. இது தெரிந்த பிள்ளைக்குப் பயம் குறையுமே தவிர கூடாது.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது. இன்னும் அதை உறுதி செய்யவில்லை. தனிச் சட்டத்துக்கான மசோதா 2010-இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையோடு நின்றுபோனது. 2017-இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தும் அசைவில்லை. அரசு அசையும்வரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதில்லை.

நான்கு ஞாயிறுகள், மாலை ஒரு மணி நேரம், அவ்வளவே கேட்கிறோம். மகனை மட்டுமல்ல, மகளையும் அனுப்புங்கள். சந்தேகம் உள்ள பெற்றோர் பின்வரிசையில் வந்து உட்காருங்கள். தவறு கண்டால் அங்கேயே எழுந்து கேளுங்கள்.