எண்ணிப் பார்க்காமல் கொடுத்த பணம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 'ஃபீடிங் அவர் ஃபியூச்சர்' என்ற தொண்டு நிறுவனம், ஏழைக் குழந்தைகளின் சாப்பாட்டுக்காக 2019இல் பெற்ற மானியம் சுமார் 34 லட்சம் டாலர். 2021இல் அது 20 கோடி டாலரை நெருங்கியது. இரண்டே ஆண்டுகளில் இப்படி வளர்ந்த கணக்கைப் பார்த்ததுமே பணம் கொடுப்பவர் கை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. பரிமாறாத சாப்பாட்டுக்குப் பணம் பெற்றதாக 2022 செப்டம்பரில் 47 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. பின்னர் அந்த எண்ணிக்கை எழுபதைத் தாண்டியது. மோசடித் தொகை 25 கோடி டாலர் என்றது அரசுத் தரப்பு. நிறுவனத்தைத் தொடங்கியவரைக் குற்றவாளி என்று 2025 மார்ச்சில் ஜூரி அறிவித்தது.

பணம் வந்த வழியைப் பார்த்தால் ஓட்டை எங்கே என்பது விளங்கும். மத்திய வேளாண் துறையின் நிதியை மாநிலக் கல்வித் துறை பட்டுவாடா செய்யும். உணவு மையங்கள் இத்தனை சாப்பாடு போட்டோம் என்று எழுதிக் கொடுக்கும். நடுவில் உள்ள தொண்டு நிறுவனம் அதைச் சரிபார்த்து மேலே அனுப்பும். வரும் தொகையில் 10 முதல் 15 சதவீதத்தை நிர்வாகச் செலவுக்கு எடுத்துக்கொள்ளும். அதாவது, கணக்கு எவ்வளவு ஊதுகிறதோ அவ்வளவு வருமானம், அதைச் சரிபார்க்க வேண்டியவருக்கே! இப்படியொரு ஏற்பாட்டில் நேர்மையை நம்பி மட்டும் கோடிகளை விடுவது நிர்வாகமே அல்ல.

மோசடியும் அப்படியொன்றும் நுட்பமானதல்ல. ஏதேதோ பெயர்களை உருவாக்கித் தரும் இணையதளத்திலிருந்து எடுத்த பெயர்கள் குழந்தைகள் பட்டியலில் இருந்தன. 7 முதல் 17 வரை ஏதோ ஒரு வயதை எக்செல் சூத்திரம் நிரப்பித் தந்தது. பட்டியலில் உள்ள நாலு குழந்தைகளைத் தேடிப் போயிருந்தாலே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

கொரோனா காலத்தில் விதிகள் தளர்த்தப்பட்டதைக் குறை சொல்ல முடியாது. பள்ளிகள் மூடிக் கிடந்தபோது சாப்பாட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பத்தான் வேண்டும். ஆனால், மையத்துக்கு நேரில் போய்ப் பார்ப்பது குறையும்போது பில்களைப் பார்ப்பது கூடியிருக்க வேண்டும். இந்தத் திட்டத்தில் மதிய உணவோடு பால் கொடுப்பது விதி. வாங்கிய பாலின் பில்லையும் போட்டதாகச் சொன்ன சாப்பாட்டின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்குப் பெரிய தணிக்கைக் குழு எதுவும் தேவையில்லை. ஒரு குமாஸ்தா போதும்.

கல்வித் துறைக்குச் சந்தேகம் வராமலில்லை. ஆனால், 2020 நவம்பரில் அந்த நிறுவனம் துறையின் மீதே வழக்குப் போட்டது. அதைவிட வேதனை, நிறுவனத்தைப் பற்றி வந்த புகார்கள் சிலவற்றை அந்த நிறுவனத்திடமே கொடுத்து விசாரிக்கச் சொன்னது துறை. சட்டமன்றத் தணிக்கையாளரின் 2024 ஜூன் அறிக்கை இதைப் பதிவு செய்திருக்கிறது. துறையின் போதாத கண்காணிப்பே மோசடிக்கு இடம் கொடுத்தது என்கிறது அது. துறை அதை ஏற்கவில்லை.

கெடுபிடி கூடினால் உண்மையாகச் சோறு போடும் சிறு அமைப்புகள் பணம் வராமல் தவிக்கும் என்ற அச்சம் நியாயமானது. கைக்காசைப் போட்டுச் செலவழித்துவிட்டு மானியத்துக்குக் காத்திருப்பவர்கள் அவர்கள். அதனால் எல்லோரையும் ஒரே மாதிரி இழுத்தடிக்கக் கூடாது. மாதாமாதம் சீரான கணக்கு கொடுப்பவர்களுக்கு உடனே பணம் போகட்டும். திடீரென இரட்டிப்பாகும் கணக்கை மட்டும், மையத்தை நேரில் பார்த்து, பில்களை ஒப்பிடும் வரை நிறுத்தி வைக்கலாம்.

தொண்டு நிறுவனங்களும் அரசு வந்து பிடிக்கட்டும் என்றிருக்கக் கூடாது. கணக்கு எழுதுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர், காசோலையில் கையெழுத்திடுபவர் மூன்றாமவர் என்று பிரித்து வைப்பது நிர்வாகக் குழுவின் கடமை. குழுவின் பொருளாளர் மாதம் ஒரு மையத்துக்காவது சொல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, நடுவில் உள்ள நிறுவனத்துக்குச் சதவீதக் கணக்கில் நிர்வாகச் செலவு கொடுக்கும் முறையை வேளாண் துறை கைவிட வேண்டும். மையங்களைப் பார்வையிடும் வேலைக்கு ஏற்ப நிலையான தொகை கொடுக்கட்டும். குழந்தைகளின் சாப்பாட்டில் ஒரு டாலரையும் குறைக்காமலேயே இதைச் செய்ய முடியும்.